ஒரு ரூபாய் வழக்கு

2019-இல் ஓய்வூதியர்களுக்கு அகவிலைப்படி 17 சதவீதமாக உயர்ந்தது. பைத்தான் மொழியில் நானே எழுதிய சிறு நிரலில் நண்பர்களுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். அவருக்கு அடிப்படை ஓய்வூதியம் 9,365 ரூபாய். என் தாளில் 1,592 என்று வந்தது. வங்கியில் 1,593 வரவு வைத்திருந்தார்கள்.

கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் பிறகு பிடித்தம் செய்வார்களே என்ற பயத்தில் அண்ணன் வங்கிக்கே போய்ச் சண்டை போட்டிருக்கிறார். பைசா வந்தால் அடுத்த ரூபாயாக உயர்த்த வேண்டும் என்ற விதியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

"என்னப்பா, நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே!" என்றார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. 17 சதவீதம் 1,592 ரூபாய் 5 பைசா. மேலே உயர்த்தச் சொல்லித்தானே எழுதியிருந்தேன்?

கல்லூரியில் படிக்கும் பேரன் அதே கணினியில் அதே நிரலை ஓட்டினான். 1,593 வந்தது!

"தாத்தா, நீங்க பைத்தான்னு மட்டும் அடிக்கிறீங்க. அது பழைய 2.7. நான் பைத்தான்3-ன்னு அடிச்சேன்."

பழைய பதிப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பைசா உதிர்ந்துவிடுமாம். உதிர்ந்த பிறகு உயர்த்த என்ன இருக்கிறது?

என்னிடம் இருந்தது உபுண்டு 16.04. அதில் இரண்டு பைத்தான்களும் குடியிருந்தன. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது, பழைய நிரல்கள் பல அதில் ஓடவில்லை. பழையதை நீக்கினால் அதை நம்பிய நிரல்கள் நின்றுவிடும். அதனால் லினக்ஸைத் தொகுப்பவர்கள் ஒவ்வொரு பதிப்பையும் தனிப் பொதியாக்கி, தனிப் பெயரும் தனி நூலக அடைவும் கொடுத்தார்கள். வெறும் 'பைத்தான்' என்ற பெயர் மட்டும் பழையவரிடமே இருந்தது. என் தவறு அங்கேதான்.

புதுச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புரியாமல் போனதுதான் வெட்கம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பழைய பிரெஞ்சுப் பத்திரங்கள் என் மேசைக்குத்தான் வரும். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு இந்து வாரிசுச் சட்டம். அடுத்த வீட்டுக்கு, முன்னோர் சொந்த வழக்கத்தைத் துறந்து எழுதிக் கொடுத்ததால், பிரெஞ்சு சிவில் சட்டம். இரண்டும் இன்றும் செல்லும். "எந்தச் சட்டம்னு மேலே எழுதாம வாரிசு மனுவில் கை வைக்காதே" என்பார் என் மேலதிகாரி.

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. 2021-இல் வந்த டெபியன் 11, வெறும் 'பைத்தான்' என்ற பெயரை யாருக்கும் கொடுக்கவில்லை. வேண்டுமென்றால் 'பைத்தான் என்றால் பைத்தான்3' என்றே பெயர் கொண்ட ஒரு பொதியை நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12-இல் பழையவர் வீட்டையே காலி செய்துவிட்டார்.

என் நிரலின் முதல் வரியில் இப்போது 'பைத்தான்3' என்று எழுதியிருக்கிறேன். அண்ணனுக்குப் புதுத் தாளும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு தடவை படி உயரும்போதும், முதலில் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் கணக்கைக் கேட்கிறார்.