நிறுத்தத் தெரியாத சூரியன்

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் விடியுமுன் எழுபவர்கள் இரண்டு ரகம்: நடக்கப் போகிறவர்கள், மோட்டார் போடுகிறவர்கள். அந்த மத்திய அரசு ஊழியர் இரண்டாவது ரகம். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து, மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை அணைத்த பிறகுதான் அவருக்குக் காபி. மறந்தால் கீழ்வீட்டிலிருந்து குரல் வரும்: “பாய் சாப், டங்கி பர் கயீ!”

2024 மே மாத இறுதியில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, தொட்டி வழிந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று தில்லி அரசு அறிவித்தது. அதன் பிறகு அவர் தொட்டியை விட்டு நகரவே இல்லை.

அந்த ஆடியில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமத்துக்குப் போனார். அண்ணனின் கிணற்றில் புதிதாக 5 குதிரைசக்தி சூரிய பம்பு. மத்திய அரசு 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில், வேளாண் பொறியியல் துறை மூலம் மானியத்தில் கிடைத்தது. மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த நாட்களில், பாம்புக்குப் பயந்து டார்ச்சுடன் நள்ளிரவில் வயலுக்குப் போனவர் அண்ணன்.

தம்பி வெறுங்கையோடு போகவில்லை. செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கிய, வெளிச்சத்தை உணரும் தெருவிளக்கு ஸ்விட்ச் பையில் இருந்தது. அதை மாற்றி இணைத்தால் விடிந்ததும் பம்பு ஓடும், இருட்டினால் நிற்கும் என்பது அவர் கணக்கு.

பம்பு பொருத்திய இளைஞர் சிரித்துவிட்டார். “சார், தெருவிளக்குக்கு வெளிச்சம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும். மோட்டாருக்கு எவ்வளவு இருக்குன்னு தெரியணும்.”

விஷயம் இதுதான். விடியற்காலையிலேயே சூரியத் தகடுகளில் வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுதாக ஏறிவிடும். ஆனால் அதில் வலு இராது. மோட்டாரை இணைத்ததும் வோல்டேஜ் சரியும், மோட்டார் நிற்கும். நின்றதும் மறுபடி ஏறும், மறுபடி ஓடப் பார்க்கும். மேகம் கடக்கும்போதெல்லாம் இதே கதை என்றால் மோட்டார் நாசம். அதனால் பம்போடு வரும் கன்ட்ரோலர், மோட்டாரை மெதுவாகக் கிளப்பி, வெயிலுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. தண்ணீரை மேலேற்ற வலு போதாவிட்டால் நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து மீண்டும் முயல்கிறது. தகடே வெளிச்சம் பார்க்கும் கண். தனி ஸ்விட்ச் எதற்கு?

மறுநாள் முற்பகல் வயலுக்குப் போனவர் பதறினார். தரைத்தொட்டி வழிந்து, தண்ணீர் பக்கத்துத் தரிசில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வேப்பமரத்தடியில் படுத்திருந்தார்.

“அண்ணே, தொட்டி வழியுது!”

“வழிஞ்சா வழியட்டும். சூரியன் என்ன காசா கேக்குது?”

கிணறு வற்றினால் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். வயல் நனைந்தது அதற்குத் தெரியாது. டீசல் செலவில்லை, மின்கட்டணமில்லை. எனவே நிறுத்தக் கை போவதில்லை. நிலத்தடி நீரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களின் பயமே இதுதான்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தூண்டி என்ற கிராமம் இதற்கு ஒரு வழி கண்டது. சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியோடு ஆறு விவசாயிகள் கூட்டுறவு அமைத்தார்கள். 2016-ல், பாசனத்துக்குப் போக மிஞ்சிய சூரிய மின்சாரத்தை யூனிட் 4.63 ரூபாய்க்கு மின் நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். அங்கே பம்பை நிறுத்தினால் காசு.

அண்ணன் வயலில் மின்கம்பி இணைப்புக்கு வழியில்லை. தம்பி திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி, சில நூறு ரூபாயில் ஒரு மிதவை ஸ்விட்ச் வாங்கி வந்தார். கன்ட்ரோலரில் அதற்கென்றே இரண்டு முனைகள் காலியாக இருந்தன. தெருவிளக்கு ஸ்விட்ச் பிரிக்காமலே தில்லி திரும்பியது.

ஒரு வாரம் கழித்து, ஆபீஸ் நேரத்தில் போன்.

“தம்பி, நல்ல வெயிலு. மோட்டார் தானா நின்னுபோச்சு. ரிப்பேரா?”

“தொட்டியப் பாருங்கண்ணே.”

“ரொம்பித்தான் இருக்கு.”

“அப்ப ரிப்பேர் இல்லண்ணே.”