வீட்டு வேலையும் கல்வியே

ஏட்டில் பயில்வது மட்டுமே கல்வி என்று பலர் எண்ணுகின்றனர். சோறு வடித்தல், துணி துவைத்தல், அறுந்த பொத்தானைத் தைத்தல் முதலியவற்றை அவர்கள் கல்வியாகக் கருதுவதில்லை; தாய்மாரின் கடமை என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்வாறு வளரும் பிள்ளை, வேற்றூரில் தனித்து வாழ நேரும்போது, பட்டம் பெற்றிருந்தும் ஒரு வேளை உணவுக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும்.

காந்தியடிகள் இத்தகைய வேலைகள் சிலவற்றைப் பாரிஸ்டர் ஆன பின்னரே கற்றார். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது, அவருக்குச் சலவைச் செலவு மிகுதியாயிற்று. சலவையாளரும் குறித்த காலத்தில் துணி தருவதில்லை. ஆகவே, சலவை பற்றிய நூலொன்றை வாங்கிப் படித்து, அவரே துவைக்கத் தொடங்கினார். தம் கையால் வெளுத்த கழுத்துப்பட்டையை முதன்முதலில் அணிந்து நீதிமன்றம் சென்ற நாளில், அதிலிருந்து கஞ்சி உதிர்ந்துகொண்டே இருந்தது. கஞ்சி மிகுந்துவிட்டது, இஸ்திரிப் பெட்டியிலும் போதிய சூடு இல்லை. உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். அவரோ நாணவில்லை, நாளடைவில் அக்கலையில் தேர்ந்தார்.

தாம் காலந்தாழ்த்திக் கற்றதை இளையோர் உரிய பருவத்திலேயே கற்கும் வாய்ப்பு, 1910ஆம் ஆண்டில் தொடங்கிய தால்ஸ்தாய் பண்ணையில் அமைந்தது. ஜோகானஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவிலுள்ள அந்நிலத்தை அவருடைய நண்பர் காலன்பாக் அளித்தார். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அவர்களுள் தமிழரும் இருந்தனர். பண்ணையில் வேலைக்காரர் எவரும் இல்லை. சமையல் முதல் துப்புரவு வரை எல்லா வேலைகளையும் அங்கு வாழ்ந்தோரே செய்தனர். சிறுவர்கள் குழி தோண்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். சமையல் ஏறக்குறைய எல்லா இளையோர்க்கும் தெரிந்திருந்தது. காலன்பாக் ஒரு மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தார்.

ஆசிரியர் செய்யாத வேலையை மாணவரைச் செய்யச் சொல்லலாகாது என்பது அப்பண்ணையின் நெறி. எவ்வேலையிலும் ஓர் ஆசிரியர் உடன் நின்றார். அதனாலேயே பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கற்றனர். பெற்றோர்க்கும் இது பொருந்தும். தந்தை தம் தட்டைத் தாமே கழுவும் வீட்டில், மகனுக்கு அதனை அறிவுரையாகக் கூற வேண்டுவதில்லை.

வீட்டு வேலையால் படிப்புக் கெடும் என்பர் சிலர். நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குவதால் எப்படிப்பும் கெடாது. பெண்ணுக்கு மட்டும் வேலையைக் கற்பித்து, ஆணை விலக்கி வைப்பதே பெருங்கேடு. அவ்வாறு செய்தால், பெண்ணின் படிப்பு நேரம் சுருங்குகிறது. ஆணின் கை பழகாமற் போகிறது. பசி இருவர்க்கும் பொதுவாயின், அடுப்படியும் இருவர்க்கும் பொதுவேயாகும்.

ஒரு வீட்டில் தாய் காய்ச்சலால் படுத்திருக்கிறாள். பதின்மூன்று வயது மகன் அரிசியைக் களைந்து, அளவறிந்து நீர் ஊற்றிக் கஞ்சி காய்ச்சுகிறான். ஆற்றி, உப்பிட்டுத் தாயிடம் தருகிறான். கஞ்சி சற்றுக் குழைந்திருக்கலாம். ஆயினும், அதனைப் பருகும் தாய் தன் நோயையும் மறந்து ஆறுதல் அடைகிறாள். தான் இல்லாத இடத்திலும் தன் மகன் பசித்திருக்கமாட்டான் என்பதை அன்று அவள் அறிந்துகொள்கிறாள்.