புலிக்காட்டின் நடுவே ரந்தம்பூர்க் கோட்டை

ராஜஸ்தானின் கிழக்குப் பகுதியில், சவாய் மாதோப்பூர் மாவட்டத்தில், ஆரவல்லி மலைத்தொடரும் விந்திய மலைத்தொடரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது ரந்தம்பூர்க் கோட்டை. ஆரவல்லிக் குன்றுகளுக்குக் கூர்மையான முகடுகள் உண்டு. விந்தியக் குன்றுகளின் உச்சி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் இருக்கும். தரையிலிருந்து சுமார் 200 மீட்டர் உயர்ந்த அப்படியொரு தட்டைக் குன்றின் விளிம்பிலேயே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் வளைந்து செல்கிறது. பல இடங்களில் மதில் எங்கே தொடங்குகிறது, பாறை எங்கே முடிகிறது என்று பிரித்தறிய முடியாது. மதிலைத் தாண்டினால் நாலா பக்கமும் காடு. நாட்டின் புகழ்பெற்ற புலிக்காடுகளில் அது ஒன்று.

இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். ஒரு சாரார் திறந்த ஜீப்பில் புலி பார்க்க வருகிறார்கள். இன்னொரு சாரார் கோட்டைக்குள் இருக்கும் பிள்ளையாரைக் கும்பிட வருகிறார்கள். கோட்டையைப் பார்ப்பதற்கென்றே வருபவர்கள் குறைவு. இது வருந்தத்தக்கது. காட்டின் கதையும் கோயிலின் கதையும் கோட்டையிலிருந்துதான் தொடங்குகின்றன.

கோட்டை எழுந்த காலம் குறித்து ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சௌகான் குல அரசர்களின் கையில் அது வலுப்பெற்றது என்பது உறுதி. 1192இல் தராயின் போர்க்களத்தில் மூன்றாம் பிருத்விராஜ் முகமது கோரியிடம் தோற்றார். அதன் பிறகு அவருடைய மகன் கோவிந்தராஜன் ரந்தம்பூரைத் தலைநகராக்கிக்கொண்டார். 1226இல் டெல்லி சுல்தான் இல்துமிஷ் கோட்டையைப் பிடித்தார். அவர் இறந்ததும் சௌகான்கள் அதை மீட்டுக்கொண்டார்கள். டெல்லியிலிருந்து மாளவத்துக்கும் குஜராத்துக்கும் போகும் வழிகளைக் கண்காணிக்க வசதியான இடம் என்பதால், டெல்லியில் யார் அரியணை ஏறினாலும் அவர்கள் கண் இந்தக் குன்றின் மீது விழுந்தது.

இந்த வரலாற்றின் உச்சம் சௌகான் அரசர் ஹம்மீர் தேவரின் காலம். 1299இல் குஜராத்தைச் சூறையாடித் திரும்பிய டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் படையில், கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதில் தகராறு எழுந்தது. இஸ்லாத்தைத் தழுவியிருந்த மங்கோலிய வீரர்கள் சிலர் கலகம் செய்துவிட்டு, முகமது ஷா என்பவர் தலைமையில் ரந்தம்பூரில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களை ஒப்படைக்கும்படி சுல்தான் கேட்டார். ஹம்மீர் மறுத்தார். முற்றுகையிட வந்த தளபதி நுஸ்ரத் கான், கோட்டையின் கல்லெறி பொறி வீசிய கல் தாக்கி இறந்தார். பிறகு அலாவுதீனே நேரில் வந்து பாளையம் இறங்கினார். மணல் மூட்டைகளை அடுக்கி மதிலின் உயரத்துக்கு மேடு கட்ட அவர் படை முயன்றது. உள்ளே தானியம் தீர்ந்தது. ரதிபாலன், ரணமல்லன் என்ற இரு தளபதிகள் எதிரியின் பக்கம் போனார்கள். 1301 ஜூலையில் அரண்மனைப் பெண்கள் தீப்புகுந்தார்கள். ஹம்மீர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து போரிட்டு மடிந்தார். முகமது ஷாவும் கடைசிவரை அவர் பக்கமே நின்றார் என்று பிற்கால நூல்கள் சொல்கின்றன. இந்தப் போரை இரு மதங்களின் மோதலாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது அந்த மங்கோலிய வீரருக்கும், அவருக்காக நாட்டையே பணயம் வைத்த அரசருக்கும் செய்யும் அநீதி. அடைக்கலம் புகுந்தவரைக் கைவிடுவதா என்பதே அங்கே எழுந்த கேள்வி. பதினைந்தாம் நூற்றாண்டில் நயசந்திர சூரி என்ற சமண முனிவர் ஹம்மீரை நாயகராக வைத்து ‘ஹம்மீர மகாகாவியம்’ என்ற சமஸ்கிருத நூலை இயற்றினார்.

பின்னர் கோட்டை மேவாரின் கைக்கும், பூந்தியின் ஹாடா ராஜபுத்திரர் கைக்கும் மாறியது. 1569இல் அக்பர் முற்றுகையிட்டபோது பீரங்கிக் காலம் வந்துவிட்டது. எதிரே இருக்கும் ரண் குன்றின் மீது கனத்த பீரங்கிகளைக் காளைகள் பூட்டி இழுத்து ஏற்றினார்கள். அக்பர்நாமா ஓவியம் ஒன்றில், செங்குத்தான சரிவில் காளைகள் திணறும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். கோட்டையைக் காத்துவந்த ராவ் சுர்ஜன் ஹாடா அந்த ஆண்டே பணிந்தார். காலப்போக்கில் கோட்டை ஜெய்ப்பூர் அரசர்களிடம் வந்தது. முதலாம் மாதோ சிங் 1763இல் அருகே உருவாக்கிய ஊர்தான் சவாய் மாதோப்பூர்.

கோட்டைக்கு ஏறும் கல்பாதை வேண்டுமென்றே வளைத்து வளைத்துக் கட்டப்பட்டது. நவ்லக்கா வாயில், யானை வாயில், கணேச வாயில், இருட்டு வாயில் என்று ஒன்றைக் கடந்தால் இன்னொன்று வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே நிற்பவரின் பார்வைக்குத் தப்ப முடியாது. உள்ளே ஹம்மீரின் அரண்மனையும், பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் பாதல் மகாலும் இடிந்த நிலையில் நிற்கின்றன. 32 தூண்கள் தாங்கும் குவிமாட மண்டபம் ஹம்மீர் தம் தந்தை ஜைத்ரசிம்மனின் 32 ஆண்டு ஆட்சியின் நினைவாக எழுப்பியது என்பார்கள். நிதானமாக நின்று பார்க்க வேண்டியவை குளங்கள். மேலே பாறையில் மழைநீரைத் தேக்கி வைத்ததால்தான் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்க முடிந்தது.

சிவன் கோயில், ராமர் கோயில், சமணத் தீர்த்தங்கரர் கோயில், பீர் சதருதீன் தர்கா என்று வழிபாட்டிடங்கள் பல உள்ளே இருக்கின்றன. கூட்டமெல்லாம் முக்கண் விநாயகரிடம்தான். முற்றுகையின்போது ஹம்மீரின் கனவில் தோன்றி, தானியக் கிடங்கை நிரப்பியவர் இவர் என்பது ஊர் நம்பிக்கை. பிள்ளையாரைப் பிரம்மச்சாரியாகவே அறிந்த தமிழருக்கு இந்தச் சன்னிதி வியப்பூட்டும்: ரித்தி, சித்தி என்ற இரு மனைவியரோடும், சுப், லாப் என்ற இரு பிள்ளைகளோடும் அவர் குடும்பமாக வீற்றிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, வட மாநிலங்களில் கல்யாணம் நிச்சயமானால் முதல் பத்திரிகையை இவருக்கு அனுப்புகிறார்கள். தபால்காரர் காட்டுவழியே கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் அழைப்பிதழ்களை அர்ச்சகர் சன்னிதியில் படைக்கிறார். வேண்டுதல் கடிதங்களும் வருகின்றன. புதன்கிழமைகளிலும், முக்கியமாக விநாயக சதுர்த்தி மேளாவின்போதும் மலைப்பாதை மனிதர்களால் நிறைந்துவிடும். மற்ற இடிபாடுகளைப் போல இந்தக் கோட்டை ஆளற்றுப் போகாததற்கு இந்தக் கோயிலே காரணம்.

மதிலின் மீது நின்று கீழே பார்த்தால் பதம் ஏரி தெரியும். கரையில் சிவப்பு நிற ஜோகி மகால், அதன் பக்கத்தில் பரந்து விழுது விட்ட பெரிய ஆலமரம். அப்பால் ராஜ்பாக் ஏரியும் மலிக் ஏரியும் இருக்கின்றன. கோடையில் தோக் மரங்கள் இலை உதிர்த்துக் காடு செம்பழுப்பாகக் காயும்போது, உயிர்களெல்லாம் இந்த ஏரிகளுக்கே வந்து சேரும். கடமான் கழுத்தளவு நீரில் இறங்கிக் கொடி மேயும். முதலைகள் கரையில் கிடக்கும். புள்ளிமான், நீல்காய், கரடி, சிறுத்தை, கழுதைப்புலி, மயில் எல்லாம் இங்கே உண்டு. மரக்கிளையில் மந்தி எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் வழிகாட்டிகள் வண்டியை நிறுத்திவிடுவார்கள். புலி நடமாடுகிறது என்று பொருள். ராஜ்பாக்கின் இடிந்த மண்டபங்களில் புலிகள் படுத்திருக்கும் காட்சி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்திருக்கிறது. முதலையோடு சண்டையிட்டுப் பெயர்பெற்ற மச்லி என்ற பெண்புலி இந்த ஏரிக்கரைகளை நெடுங்காலம் ஆண்டுவிட்டு 2016இல் இறந்தது.

இந்தக் காடு தப்பியதில் ஒரு முரண் இருக்கிறது. ஜெய்ப்பூர் அரசர்களின் வேட்டைக்காடாக இருந்ததால்தான் இதில் கோடரி விழவில்லை. 1961இல்கூட, எலிசபெத் அரசியோடு வந்த பிலிப் இளவரசர் இங்கே புலி சுட்டார். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்றாகவும், 1980இல் தேசியப் பூங்காவாகவும் இது ஆனது. வனத்துறை அதிகாரி ஃபதே சிங் ரத்தோரின் காலத்தில் உள்ளே இருந்த கிராமங்கள் வெளியே மாற்றப்பட்டன. புலிகள் பகலிலேயே அச்சமின்றி நடமாடத் தொடங்கின. ஆனால் கள்ள வேட்டை விடவில்லை. 2005 கணக்கெடுப்பில் 26 புலிகளே இருந்தன. அதிலிருந்து மீண்டு எழுந்த காடுதான், புலியே இல்லாமல் போன சரிஸ்கா காப்பகத்துக்கு 2008இல் ஹெலிகாப்டரில் புலி அனுப்பிக் கொடுத்தது.

புலிகள் பெருகியதும் பழைய பாதையில் புதிய ஆபத்து வந்தது. கோயிலுக்குப் போகும் ஒரே வழி புலிகளின் வாழிடத்தின் ஊடே செல்கிறது. கோட்டைக்குள்ளேயே புலி வந்து போவதுண்டு. 2025 ஏப்ரலில், தரிசனம் முடித்துத் திரும்பிய குடும்பத்தின் ஏழு வயதுச் சிறுவனைப் புலி கொன்றது. வழிபாட்டை நிறுத்தவும் முடியாது, புலியை அகற்றவும் கூடாது. வண்டிகளையும் நேரத்தையும் கட்டுப்படுத்துவதுதான் நடைமுறைக்கு உகந்த வழி. பக்தர்களும் அதற்கு இணங்கியே ஆக வேண்டும்.

கோட்டை 2013இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. டெல்லி–மும்பை ரயில் பாதையில் சவாய் மாதோப்பூர் சந்திப்பில் இறங்கினால், காட்டுச்சாலை வழியே கோட்டை அடிவாரத்தை அடையலாம். காட்டுச் சவாரிக்கு முன்பதிவு வேண்டும். மழைக்கால மாதங்களில் காப்பகத்தின் மையப் பகுதி மூடப்படும். கோட்டைக்கும் கோயிலுக்கும் அந்தச் சவாரிச் சீட்டு தேவையில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை ஏறுவதற்கு இதமான காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமையாக இருந்தாலும், நீர் வற்றுவதால் விலங்குகள் எளிதில் கண்ணில் படும். காலையில் சீக்கிரம் ஏறி, இருட்டுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும். வழியில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, மந்திகளுக்குத் தீனி போடவும் கூடாது.