கொச்சங்காடிச் சாப்பாடும் ஊரார் அபிப்பிராயமும்

ஓர் ஊருக்குப் புதிதாகக் குடியேறுகிறவன் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையை. அடுத்தபடி குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை. இவ்விரண்டிற்கும் யாரைக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே விடைதான் கிடைக்கும். மூன்றாவதாக அவன் கேட்பது, "இங்கே சாப்பாடு எங்கே நன்றாயிருக்கும்?" என்பது. அதற்கு ஆளுக்கொரு விடை. மட்டாஞ்சேரியில் அந்தக் கேள்வியைத் தெருமுனையில் சற்று உரக்கக் கேட்டுவிட்டால், கேட்டவன் பசியோடு நிற்க, விடை சொல்ல வந்தவர்கள் தங்களுக்குள் வாதாடத் தொடங்கிவிடுவார்கள்.

விருதுநகரிலிருந்து 1989-ஆம் ஆண்டில், யூதத் தெருவிலுள்ள மிளகுப் பண்டகசாலை ஒன்றிற்குக் கணக்கெழுத வந்தவன் நான். குடியிருப்பு கொச்சங்காடியில். குடும்பம் ஊரிலிருந்து வந்து சேரும்வரை இரண்டாண்டுக் காலம் இவ்வூர்க் கடைகளிலேயே உண்டு காலந்தள்ளினேன். ஆகவே, இவ்வூரார் உணவு விடுதிகளைப் பற்றிக் கூறும் அபிப்பிராயங்களை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். எந்தக் கடை சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. அபிப்பிராயம் சொல்வதைப் பற்றியே அன்பர்களிடம் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

இத்தனை அபிப்பிராயங்கள் இவ்வூரில் எங்கிருந்து முளைத்தன? 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் முசிறித் துறை தூர்ந்து கொச்சித் துறை எழுந்தது என்று வரலாறு கூறுகிறது. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1344-இல், இதே கொச்சங்காடியில் யூதர்கள் ஒரு ஜெபாலயம் கட்டினர். கட்டடம் மறைந்துபோயிற்று; அதன் கல்வெட்டு மாத்திரம் இன்றும் யூதத் தெருவின் பரதேசி ஜெபாலயச் சுவரில் பதிந்திருக்கிறது. செம்பிட்டபள்ளியைச் சார்ந்து வாழும் நயினா வமிசத்தார் நமது காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்கள். போர்த்துக்கேயரின் கொடுமைக்கு அஞ்சிக் கோவாவிலிருந்து வந்த கொங்கணியர் செர்லாயில் கோயில் எழுப்பி வாழ்கின்றனர். குஜராத்திகள், கச்சி மேமன்கள், தக்கணி முஸ்லிம்கள் எல்லாரும் வணிகத்தையோ பட்டாளத்தையோ பின்பற்றி வந்தவர்கள். ஃபோர்ட் கொச்சி வேளியில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களும் பல தலைமுறைகளுக்கு முன்பே வந்தவைதாம். வந்தவர் ஒவ்வொருவரும் ஓர் அடுப்பைக் கொண்டுவந்தனர். "நல்ல சாப்பாடு" என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இவ்வூரில் எக்காலத்தும் இருந்ததில்லை.

பிரியாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய சாலையில் 1948-இல் தொடங்கப்பெற்ற ரஹ்மத்துல்லா ஹோட்டலை, அதை நிறுவியவரின் பெயரால் 'காயிக்காவின் கடை' என்றே ஊரார் வழங்குகிறார்கள். கொச்சியில் பிரியாணியைப் பற்றிய எந்த விவாதமும் அக்கடையைத் தொடாமல் முடிவதில்லை. எறணாகுளத்துக் கிளையில் உண்டவர், "அங்கும் இதே ருசிதான்" என்பார். மட்டாஞ்சேரிக்காரர் அதை ஒப்பவே மாட்டார். "தோணி ஏறி அக்கரை போனால் தம் இறங்கிவிடும்" என்று என் பண்டகசாலைத் தோழர் ஒருவர் சொல்வது வழக்கம். அடுத்த தெருக் கச்சி மேமன் மூதாட்டியோ இரு சாராரையும் தள்ளுபடி செய்துவிடுவார். பிரியாணி என்பது வீட்டில் ஆக்குவது, விலைக்கு வாங்குவதன்று என்பது அவர் கட்சி.

நம்மவர்க்கு இதில் வேறொரு குறை. திண்டுக்கல் பக்கத்தில் சீரகச் சம்பாவை இறைச்சி வெந்த மசாலாவிலேயே இட்டு ஆக்குவதால், ஒவ்வொரு பருக்கையிலும் காரமும் நிறமும் ஏறிவிடுகின்றன. இங்கே கைமா அரிசியை நெய்யில் புரட்டித் தனியே வேகவைத்து, இறைச்சியையும் தனியே சமைத்து, பின்பு இரண்டையும் அடுக்கி மூடித் தம் இடுகிறார்கள். சோறு வெண்மையாகவே இருக்கும். காரம் அடியில் ஒளிந்திருக்கும். நம் அன்பர் ஒருவர் மேற்புறத்தை மாத்திரம் உண்டுவிட்டு, "இதென்ன, நெய்ச்சோற்றுக்குப் பிரியாணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்?" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். தட்டின் அடிவரையில் போய்ப் பார்த்திருந்தால் அவர் அபிப்பிராயம் மாறியிருக்கலாம்.

இத்தகைய முறைப்பாடு இன்னொன்றும் உண்டு. காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூடியபோது வேலையிழந்த தொழிலாளரை ஏ. கே. கோபாலன் ஒன்றுதிரட்ட, அவர்கள் கூட்டுறவு முறையில் 1958-இல் திருச்சூரில் தொடங்கியதே கேரளத்து இந்தியன் காப்பி ஹவுஸ். அதன் எறணாகுளத்துக் கிளையில் மசால் தோசையைப் பிய்த்துப் பார்த்த நம்மவர் எவரும் ஒரு கணம் திகைக்காமல் இருந்ததில்லை. உள்ளே பீட்ரூட்! இரத்தச் சிவப்பாக இருந்த அந்த மசாலாவைக் கண்டு என் மைத்துனர் பரிமாறுபவரை அழைத்துப் பதற்றத்தோடு விசாரித்தார். தலைப்பாகை அணிந்த அந்த மனிதர் சற்றும் அசையாமல், "இங்கே இப்படித்தான்" என்று சொல்லிப் போய்விட்டார். என் மக்களோ அதை உண்டு வளர்ந்தவர்கள். சென்னையில் மஞ்சள் நிற மசாலாவைக் கண்டபோது, பீட்ரூட் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

பண்டகசாலையின் மதிய வேளையில் நான் கண்டது ஒன்று. சுமட்டுத் தொழிலாளி ஒரு கடையைப் புகழ்ந்தால், அங்கே சோறு தாராளம், மீன்குழம்பு மறுமுறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள் என்று பொருள். தரகர் புகழ்ந்தால், சாயா சொன்னவுடன் வரும், உட்கார்ந்து பேரம் பேச விடுவார்கள் என்று பொருள். எங்கள் முதலாளியான குஜராத்தி சேட் சுவையைப் பற்றிப் பேசவே மாட்டார். வாணலியில் எண்ணெய் மாற்றுகிறார்களா என்பதொன்றே அவர் கேள்வி. குஜராத்தி சாலையிலுள்ள சாந்திலால் மிட்டாய்க் கடையின் ஜிலேபியை அவர் வாங்கிவரச் சொல்லும்போதும், "சூடாகப் போடுகிறார்களா என்று நின்று பார்த்து வாங்கு" என்றுதான் அனுப்புவார். ஒருவன் தன் தேவையைச் சொல்லாமல் தன் அபிப்பிராயத்தை மாத்திரம் சொன்னால், கேட்பவனுக்கு அதனால் பாதிப் பயனே உண்டு.

ஃபோர்ட் கொச்சிப் பக்கத்துக் கதை வேறு. பர்கர் தெருவில் 1997-இல் தொடங்கிய காசி ஆர்ட் கஃபேயில் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே காப்பி அருந்தலாம் என்றபோது, "சுவரைப் பார்ப்பதற்குமா காசு?" என்று நகைத்தவர் பலர். 2012 டிசம்பரில் கொச்சி முசிறிஸ் பியன்னாலே தொடங்கிய பின்பு அத்தகைய விடுதிகள் பழைய பண்டகசாலைகளிலெல்லாம் பெருகின. "அவை வெளிநாட்டார்க்கு" என்று முதியோர் ஒதுக்கினாலும், இப்போது நம் பிள்ளைகளே அங்கு நிறைந்திருக்கின்றனர். நானும் ஒருமுறை போனேன். கேக் நன்றாகவே இருந்தது. விலையைக் கேட்டு என் மனைவி அடுத்த இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிள்ளைகள் எங்குப் போவதென்று கைப்பேசியைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். யாரோ எங்கிருந்தோ வந்து, ஒருவேளை உண்டு, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டுப் போய்விடுகிறார். அதில் நன்மையும் உண்டு. 2022-இல் கெட்டுப்போன ஷவர்மாவால் ஓர் இளம்பெண் உயிரிழந்த செய்தியும், 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸை கேரள அரசு தடை செய்ததும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். சுகாதாரக் கேட்டை ஒருவர் உடனே ஊரறியச் சொல்வது அவசியமே. ஆயினும், நட்சத்திரம் இட்டவர் தட்டின் அடிவரையில் போனவரா, எந்த நேரத்தில் போனார், எதை எதிர்பார்த்துப் போனார் என்பவற்றை நட்சத்திரம் சொல்வதில்லை.

இவ்வளவையும் நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொச்சங்காடிச் சந்தொன்றில் நம்மவராகிய அம்மையார் ஒருவர் தம் வீட்டு முன்னறையில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறார். அன்பர் பலருக்கும் தெரிந்தவராதலால் பெயர் வேண்டா. பாளையங்கோட்டைப் பக்கத்தவர், 2019-இல் கணவரை இழந்தவர், படிக்கும் பெண்கள் இருவர். கழுத்திலிருந்ததை அடகு வைத்து, கொரோனா அடங்கிய 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அடுப்பு மூட்டினார். காலையில் இட்டிலி, தோசை, பொங்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலிச் சொதி. நம் குடும்பங்களெல்லாம் திரண்டு சென்று வாழ்த்தின. மூன்று மாதம் சென்றபின் கூட்டம் மெலிந்தது. ஆறாம் மாதம் வட்டி கட்ட வழியில்லாமல், அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா என்று என் மனைவியிடம் வந்து கலங்கினார்.

அந்த மூன்று மாதங்களில் அவர் கடையைப் பற்றிய அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. "சாம்பார் மலையாளத்துச் சாம்பாராகிவிட்டது, தேங்காயெண்ணெயில் தாளிக்கிறாள்" என்றது ஒரு வீடு. "இட்டிலி கல்லாயிருக்கிறது" என்றது மற்றொரு வீடு. திருமண வீடுகளிலும் கோயில் வாசலிலும் இப்பேச்சு நடந்தது. ஆனால் கடையில் அமர்ந்து உண்டவர் எல்லாரும் அவர் முகத்துக்கு நேரே, "பிரமாதம், அக்கா" என்றே சொல்லிக் கைகழுவினார்கள். பாவம், விதவை, மனம் நோகச் செய்வானேன் என்ற இரக்கந்தான் காரணம். அந்த இரக்கம் மறுநாள் இட்டிலி வாங்க வரவில்லை என்பதே துயரம்.

கடைசியில் உண்மையைச் சொன்னவர் நம்மவர் அல்லர். எங்கள் பண்டகசாலையில் மூட்டை தூக்கும் ஒரு காக்கா. நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அங்கே உண்பவர். அன்று ஏதோ காரணத்தால் ஒன்பது மணிக்குப் போயிருக்கிறார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "சேச்சி, ஆறு மணிக்கு உங்கள் இட்டிலி பஞ்சு. ஒன்பது மணிக்கு இது கல். நான் ஆறு மணிக்காரன், எனக்கு நஷ்டமில்லை. ஒன்பது மணிக்காரர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள்; வராமல் இருந்துவிடுவார்கள்" என்றார். அம்மையார்க்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆனால் அன்றே விஷயம் விளங்கிற்று. வேலைக்கு ஆள் வைக்க வசதியின்றி, விடியற்காலை ஐந்து மணிக்கே அவ்வளவு இட்டிலியையும் அவித்துச் சூட்டுப் பெட்டியில் அடைத்து வந்திருக்கிறார். மேற்புறம் வறண்டு உள்ளே இறுகிப்போவதற்கு அது போதாதா?

மறுநாள் முதல் பெரிய பானையை மூலையில் வைத்துவிட்டு, சிறு பானை இரண்டில் அரைமணிக்கு ஒரு முறை அவிக்கலானார். மூத்த பெண் கல்லூரிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் துணை நிற்கிறாள். முதலில் சுமட்டுத் தொழிலாளர் கூட்டம் பெருகிற்று. பிறகு பள்ளி ஆசிரியைகள். கடைசியாகவே நம்மவர் திரும்பி வந்தனர். அடகு வைத்த சங்கிலிகளில் ஒன்று மீண்டுவிட்டது. மற்றொன்று இன்னும் மீளவில்லை. சாம்பாரில் தேங்காயெண்ணெயை அவர் மாற்றவில்லை. உண்பவரில் முக்கால் பங்கினர் இவ்வூரார். அவர்களுக்கு அது வேண்டும் என்கிறார். நியாயந்தானே?

இதற்கிடையில் யாத்திரிகர் ஒருவர் பதினொன்றரை மணிக்கு வந்து, கடை மூடியிருந்ததற்காகக் கைப்பேசியில் ஒற்றை நட்சத்திரம் இட்டுப் போயிருக்கிறார். இளைய பெண் அதை உரக்கப் படித்துக் காட்டினாள். "உண்ணாமலே ருசி பார்த்துவிட்டாரே, கெட்டிக்காரர்" என்று சொல்லிவிட்டு அம்மையார் மாவு கரைக்கப் போய்விட்டார்.

இப்போது அந்தக் கடையில் வழக்கமாக உண்கிறவர்கள் குறையை அடுப்பங்கரை வாசலில் நின்று அவரிடமே சொல்கிறார்கள். அவரும் நிமிர்ந்து நின்று பதில் சொல்கிறார். சொதியில் எலுமிச்சை குறைவு என்ற புகாரை ஏற்றுக்கொண்டார். பொங்கலில் மிளகு அதிகம் என்றதை ஏற்கவில்லை. காப்பியில் சிக்கரி கூடிவிட்டது என்பது என் அபிப்பிராயம். சென்ற வாரம் அதைச் சொன்னேன். "அண்ணாச்சி, எண்ணெய்ப் பரோட்டா தின்று வளர்ந்த விருதுநகர்க்காரருக்குக் காப்பியைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். வரிசையில் நின்ற காக்காவும் அவர் பக்கமே சேர்ந்துகொண்டார்.