இருளிற் கேட்ட கதை

கண்ணொளி இருந்த நாளில் விரும்பிப் படித்த நூலொன்றை, அவ்வொளியை இழந்த பின்னர்ச் செவியாற் பெறுவோமாயின், அது பழைய நூலாகவே இருக்குமோ? இந்த ஐயம் அண்மையில்தான் நமக்குத் தீர்ந்தது.

நூல், டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1937 இல் வெளியிட்ட 'ஹாபிட்'. பறவைநாகம் கவர்ந்துகொண்ட பொருளை மீட்கச் செல்லும் 13 குள்ளரோடு, அவரினும் சிற்றுருவினனாகிய பில்போ போய் வருவதே கதை. ஆங்கிலப் பள்ளியில் 14 வயதில் இதனை நான்கு முறை படித்தோம். பூதமும் நாகமும் வரும் கதையைச் சீர்திருத்தம் பேசுவோர் போற்றலாமோ என்று வினவும் அன்பர்க்கு ஒன்று சொல்வோம்: இந்த நாகத்துக்குத் தேங்காய் உடைக்குமாறு எவரும் நம்மைக் கேட்கவில்லை.

மாலைக்கண்ணாய்த் தொடங்கிய விழித்திரை நோய், 30 வயதைக் கடந்ததும் எழுத்தையும் கொண்டுபோயிற்று. எழுத்தை ஒலியாக்கும் கணினியின் துணையால், செம்பனைத் தோட்டத்துக் கிராணி வேலையை விடாது பார்த்து வருகின்றோம். அக்கருவியோ ஆள் கணக்கையும் மரண அறிவிப்பையும் ஒரே குரலில் ஒப்பிக்கும். கதை கேட்க அது ஆகாது. சென்ற மாதம் தமக்கை மகன், ஆண்டி செர்கிஸ் என்னும் நடிகர் 2020 இல் வாசித்தளித்த ஒலிப்பதிவைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். திரைப்படங்களில் கொல்லம் என்னும் பிராணியாக நடித்தவரும் இவரே.

ஐந்தாம் இயல் வந்தது. மலைக்குடைவில் விழுந்து தலையில் அடிபட்ட பில்போ விழித்தெழுகின்றான். ஒன்றும் தெரியவில்லை. தரையைத் தடவித் தவழ்கின்றான்; மோதிரமொன்று கையில் தட்டுப்படுகின்றது. சிறுவயதில் இவ்விடத்தை ஓட்டமாய்க் கடந்தோம். விடுகதைப் போட்டிக்கல்லவா அவசரம்! இப்போது அந்தத் தடவலிலேயே மனம் நின்றுவிட்டது. சுவரைத் தொட்டு வழியறிவதும், பையிற் கைவிட்டு இருப்பதையும் இல்லாததையும் எண்ணுவதும் நாம் நாள்தோறும் காலையிற் செய்வனவே.

பின்னர்க் கொல்லம். நிலத்தடி ஏரியில், வெயிலறியாது, நாளெண்ணாது வாழும் உயிர். அதற்குக் கண் உண்டு, விளக்குப்போல் ஒளிரும். பார்வையற்றுத் தடுமாறுபவன் பில்போவே. அன்று கொல்லம் தோற்கவேண்டுமென்றே விரும்பினோம். இன்றோ, அது வழிமறித்து அமர்ந்திருக்க, மோதிரத்தால் உருமறைந்து நிற்கும் பில்போ, அதன் வாழ்வை ஒரு கணம் எண்ணி, வாளை வீசாமல் தலைக்கு மேலாகத் தாவிப் போகுமிடத்தில் நமக்குத் தொண்டை அடைத்தது. இக்காட்சி முதற்பதிப்பில் இல்லை. அதிற் கொல்லமே வழிகாட்டி அனுப்பும். 1951 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலேதான் டோல்கீன் இதனை மாற்றியமைத்தார். தோட்டத்தார் நம் முதுகுக்குப் பின்னே 'ஐயோ பாவம்' என்பது நமக்குப் பிடிப்பதில்லை. பில்போவின் இரக்கத்தில் அந்தச் சொல்லே இல்லை. இருமுறை அவ்விடத்தைத் திருப்பிக் கேட்டோம்.

நூலிலிருந்த நிலப்படம் மட்டும் ஒலியில் வரவில்லை. மருமகனை அழைத்து, மலை இங்கே, காடு இங்கே என்று மேசைமேல் விரலால் வரைந்து காட்டினோம்.

"இரகசியக் கதவு எங்கே, மாமா?" என்றான்.

மலையின் மேற்குப் புறத்தில் விரலை வைத்தோம்.