கிணத்துக்குள்ள ஒரு டைவ் வாட்ச்!

கொடைக்கானல் டூர் போன அத்தனை பேரும் வத்தலக்குண்டுல இறங்கியிருப்பீங்க. எதுக்கு? ஒரு டீ, ஒரு சுண்டல் பொட்டலம், மலை ஏறும்போது வாந்தி வராம இருக்க ஒரு எலுமிச்சம்பழம். டிரைவர் ஹாரன் அடிச்சதும் பாதி டீயைக் கொட்டிட்டு ஓடி ஏறியிருப்பீங்க. அவ்வளவுதான் உங்களுக்கும் வத்தலக்குண்டுக்கும் உள்ள உறவு. எனக்கும் அப்படித்தான் இருந்தது... என் மினி புராஜெக்ட் ஒரு ராத்திரியில தண்ணி குடிச்சு வீங்குற வரைக்கும்.

முதல்ல அந்த சோகக் கதை. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். 'டைவ் வாட்ச் பண்ணப் போறேன், ஸ்டீல்ல இல்ல, நார்ல!'னு சபதம் போட்டுட்டேன். கிளாஸே சிரிச்சது. ஆனா ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல பாஸ். 1969-லயே டிஸ்ஸாட் கம்பெனி 'சிடெரல்'னு ஒரு வாட்ச்சுக்கு ஃபைபர்கிளாஸ்ல கேஸ் பண்ணியிருக்கு. 2007-ல ஆடிமார் பிகே 'ஃபோர்ஜ்டு கார்பன்'ல இறங்கினாங்க. 2015-ல பனெராய் முங்கு வாட்ச்சுல 'கார்போடெக்' வந்தது. 2020-ல யுலிஸ் நார்டின் காட்டின மாதிரி வாட்ச்ல பழைய மீன் வலையை உருக்கின பிளாஸ்டிக்கே வந்துடுச்சு. 2023-ல அதே சிடெரல், ஃபோர்ஜ்டு கார்பன் சட்டை போட்டுக்கிட்டு, '300 மீட்டர் ஆழம் தாங்குவேன்'னு திரும்ப வந்தது.

ஃபோர்ஜ்டு கார்பன்னா பெரிய மந்திரம்னு நினைக்காதீங்க. துண்டு துண்டா வெட்டின கார்பன் நார், அதோட பிசின், அச்சுல போட்டு சூட்டுல ஒரு அமுக்கு. நம்ம தாத்தா வைக்கோலையும் களிமண்ணையும் மிதிச்சுக் குழைச்சு சுவர் வச்சாரே, அந்தக் குடும்பம்தான். ஸ்டீலோட அடர்த்தி கிட்டத்தட்ட 8, டைட்டானியம் 4.5, கார்பன் காம்போசிட் ஒண்ணரை சொச்சம். கையில கட்டினதே தெரியாது.

கார்பன் வாங்க நமக்கு ஏது காசு? வாழை நார் வாங்கினேன். எபாக்ஸி ஊத்தி, அச்சுல அமுக்கி, கடைஞ்சு, 150 ரூபாய் குவார்ட்ஸ் மெஷினை உள்ள வச்சு மூடி, ஹாஸ்டல் பக்கெட்ல 24 மணி நேரம் போட்டேன். காலையில எடுத்தா கண்ணாடிக்குள்ள பனிமூட்டம்! கேஸ் ஓரம் பொதபொதன்னு உப்பி, ஊறின அப்பளம் மாதிரி நிக்குது. ரிவ்யூல என் மார்க்கும் அதே கதி.

அந்த வாரக் கடைசியில மதுரையில பஸ் ஏறி, நிலக்கோட்டை வழியா வத்தலக்குண்டு. காரணம், என் தாய்மாமா. அவரைப் பத்தி அப்புறம் சொல்றேன், ஏன்னா ஊரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியாகணும். 'வெற்றிலைக்குன்று'தான் மருவி வத்தலக்குண்டு ஆச்சுன்னு சொல்வாங்க. சுப்ரமணிய சிவா 1884-ல பிறந்த ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதின ராஜம் ஐயர், மணிக்கொடி பி.எஸ்.ராமையா எல்லாருக்கும் இதே ஊர்தான். 'வாடிவாசல்' எழுதின சி.சு.செல்லப்பா வளர்ந்ததும் இங்கேதான். ஒரு டீக்கடை நிறுத்தத்துக்கு இது ஓவர் இல்லையா? தமிழ் மீடியத்துல படிச்சுட்டு எனக்கே இது அன்னிக்கு வரைக்கும் தெரியாது, வெட்கத்தை விட்டு ஒப்புக்கறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு பூக்கார அக்கா. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லி. விரல் ஓடுற வேகத்துல முழம் முழமா நீளுது. கட்டுறது எதால? வாழை நார்! பக்கத்துல ஒரு ஈரத் துணி, அதுக்குள்ள நார்க் கத்தை. நான் என் உப்பின வாட்ச்சை எடுத்துக் காட்டி சோகத்தைச் சொன்னேன். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"ஏன் தம்பி, காஞ்ச நார்ல பூக் கட்ட முடியுமா? பட்டுனு அந்துரும். நனைச்சு வச்சாத்தான் வளையும். தண்ணி குடிக்கறதுதான் அதோட புத்தியே. அதைக் கொண்டுபோய் தண்ணிக்குள்ள போட்டா?"

ஒரு செமஸ்டர் மெட்டீரியல் சயின்ஸ் பாடம், ஒரு முழம் மல்லியோட முடிஞ்சது. வாழை நார்ல செல்லுலோஸ் ஜாஸ்தி. செல்லுலோஸுக்குத் தண்ணின்னா உயிர். பிசின் மேல மூடியிருக்கிற வரைக்கும் சரி. ஆனா வாட்ச்சுக்கு சாவி வைக்க ஓரத்துல ஓட்டை போட்டே ஆகணுமே! அங்க ஒவ்வொரு நாரோட வெட்டுவாயும் திறந்துக்குது. உள்ள நுண்ணிய குழல்கள். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற மாதிரி தண்ணி நடந்து உள்ள போயிடும். என் வாட்ச் கண்ணாடி வழியா ஒழுகலை மக்களே, சுவர் வழியா ஒழுகியிருக்கு.

இப்ப மாமாவுக்கு வருவோம். அவர் தொழில் என்ன தெரியுமா? கிணத்துல முங்கறது. மோட்டார் உள்ள விழுந்துடுச்சா, ஃபுட்வால்வு மாட்டிக்கிச்சா, தோட்டக்காரங்க மாமாவுக்குத்தான் போன் போடுவாங்க. சிலிண்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது. இடுப்புல ஒரு கயிறு, மேல கயிறு பிடிக்க ஒரு ஆள், நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. உள்ள போனதும் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிப்பார். நாப்பது வந்தா, வேலை முடிஞ்சாலும் முடியலைன்னாலும் மேல. (தயவுசெஞ்சு நீங்க யாரும் ட்ரை பண்ணாதீங்க. பாழடைஞ்ச கிணத்துல விஷவாயு இருக்கும், இறங்கினவரைத் தூக்க இறங்கினவரும் செத்த கதை பேப்பர்ல அடிக்கடி வருது.)

மாமாவுக்கு இடது காது கேட்காது. 10 மீட்டர் தண்ணிக்குக் கீழ போனா நம்ம மேல அழுத்தம் அப்படியே ரெண்டு மடங்கு. மூக்கைப் பொத்தி ஊதிக் காதைச் சமன் பண்ணணும்னு சின்ன வயசுல அவருக்கு யாரும் சொல்லித் தரலை. ஒரு தடவை அவசரமா இறங்கினார், 'டப்'புனு ஒரு சத்தம். அவ்வளவுதான். நான் டைவ் வாட்ச் பண்ண நினைச்சதே இவருக்காகத்தான். கடல்ல முங்கற ஹாலிவுட் ஹீரோவுக்கு லட்ச ரூபாய் வாட்ச் இருக்கு, வத்தலக்குண்டு மாமாவுக்கு எண்ணிக்கைதான் இருக்கு.

அன்னிக்குக் கதையைக் கேட்டுட்டு மாமா ஒண்ணும் சொல்லலை. இடுப்புக் கயித்தை எடுத்து என் மடியில போட்டார். தேங்காய் நார்க் கயிறு. "எத்தனை வருசமா நனையுது தெரியுமா மாப்ள? இன்னும் மக்கலை."

அடுத்த நாள் காலை, ஊருக்கு வெளியே ஒரு நார் ஷெட். சுத்தி எங்க பார்த்தாலும் தென்னந்தோப்பு. மட்டையை மெஷின் வாய்ல கொடுத்தா ஒரு பக்கம் நார், இன்னொரு பக்கம் பழுப்புத் தூள் மலையா குவியுது. தூள் மூக்குல ஏறி நான் பதினேழு தடவை தும்மினேன். அங்க வேலை பார்க்கிற அக்காக்கள் முந்தானையால மூக்கைக் கட்டிக்கிட்டு சிரிச்சாங்க. தேங்காய் நார்ல லிக்னின் ஜாஸ்தி, வாழை நாரைவிடப் பல மடங்கு. மரத்தை மரமா நிறுத்தறது அந்த லிக்னின்தான், அதனாலதான் உப்புத் தண்ணியில கூட இது சீக்கிரம் மக்காது. கப்பல் கட்டற கயிறுக்கு இதைத் தேடினது சும்மா இல்ல. ஆனா ஒரு மைனஸ்: இழுவலிமையில வாழை நார்தான் கில்லாடி, தேங்காய் நார் சவலை. எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கற நார் உலகத்துல இல்ல, எங்க கிளாஸ் மாதிரியே.

ஒரு மூட்டை நாரோட திரும்பினேன். பஸ் கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் போட்டார்.

காலேஜ்ல ரெண்டாவது ரவுண்ட். நாரைப் பொடிசா வெட்டி, 5 சதவிகித காஸ்டிக் சோடா கரைசல்ல ஊறவச்சு, அலசி அலசி, காயவச்சு (இப்படிச் செஞ்சா மேல இருக்கிற மெழுகு போய் பிசின் கெட்டியாப் பிடிச்சுக்கும்), எபாக்ஸியோட அச்சுல அமுக்கினேன். சாவி ஓட்டையோட வெட்டுவாயை மறுபடி பிசின் பூசி அடைச்சேன். உள்ள மெல்லிசா ஒரு ஸ்டீல் கிண்ணம், அதுல மெஷின், சுத்தி ரப்பர் வளையம். கிண்ணம் வச்சது சீட்டிங் இல்லீங்க, பெரிய கம்பெனி கார்பன் வாட்ச்கள்ல பலதுக்குள்ளயும் ஒரு உலோகக் கூடு ஒளிஞ்சிருக்கு. பக்கெட் டெஸ்ட் பாஸ்!

மறுபடி வத்தலக்குண்டு. மாமா வேலைக்குப் போயிருந்தார், மதியம்தான் வருவார்னு அத்தை சொன்னாங்க. சும்மா இருக்க முடியலை, கொடைக்கானல் பஸ்ல ஏறி மலைப்பாதையில டம்டம் பாறை வரைக்கும் போயிட்டு வந்தேன். நீங்களும் அடுத்த தடவை அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. எதிர் மலையில மஞ்சளாறு ஒரே கோடா கீழே விழும். தலையாறு அருவி, எலிவால் அருவின்னும் சொல்வாங்க. உயரம் 297 மீட்டர்.

எனக்கு சட்டுனு ஒண்ணு உறைச்சது. வாட்ச்ல '300 மீட்டர்'னு சின்னதா போட்டிருக்கானே, அது இந்த அருவி! இந்த உயரத்துக்குத் தண்ணியை நிரப்பி அடியில வாட்ச்சை வச்சா, 3 சென்டிமீட்டர் கண்ணாடி மேல மட்டும் 200 கிலோவுக்கு மேல அழுத்தம். நாலு சிமென்ட் மூட்டை, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்து மேல! அதுவும் பத்தாதுன்னு ஐ.எஸ்.ஓ. 6425-னு ஒரு விதி: டைவ் வாட்ச்னு பேர் வைக்கணும்னா குறைஞ்சது 100 மீட்டர் தாங்கணும், எழுதியிருக்கிற அழுத்தத்தைவிட 25 சதவிகிதம் கூடுதலா வச்சு சோதிக்கணும். என் பக்கெட்டோட ஆழம் ஒண்ணரை அடி. பாறை மேல உட்கார்ந்து எனக்கே சிரிப்பு வந்தது.

மதியம். தோட்டத்துக் கிணறு. மாமா மணிக்கட்டுல என் வாட்ச்சைக் கட்டினேன். அவர் கயித்தை இழுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்து ஒரு கண்ணடி, 'தொபுக்கடீர்'. நான் மேல இருந்து எண்றேன். இருபது... முப்பது... முப்பத்தஞ்சு... பச்சைத் தண்ணி சலனமே இல்ல. உங்களுக்கு நிஜத்தைச் சொல்லவா? அந்த நிமிஷம் வாட்ச், லிக்னின், ரிவ்யூ மார்க் எதுவுமே மண்டையில இல்ல. நாப்பத்திரெண்டுல தலை தெரிஞ்சது.

கண்ணாடியில பனி இல்ல! முள் ஓடுது! நான் குதிச்ச குதியில கிணத்து மேட்டு மண் சரிஞ்சது. மாமா படியில உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கிட்டு, கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்குடா மாப்ள. ஆனா கீழ ஒண்ணுமே தெரியலையே. நான் நாப்பதை மனசுலதான் எண்ணுனேன்."

இருட்டு. அதோட அவர் கால் பட்டு அடியில இருக்கிற சேறு கலங்கிடும், கையே தெரியாது. டைவ் வாட்ச்சுல சுத்தி ஒரு வளையம் இருக்குமே, பார்த்திருக்கீங்களா? அது ஒரே பக்கம்தான் திரும்பும். பாறையில இடிச்சு நகர்ந்தாலும் 'மிச்ச நேரம்' குறைவாத்தான் காட்டும், கூட காட்டி ஆளைக் கொல்லாது. இருட்டுல 25 சென்டிமீட்டர் தூரத்துல படிக்க முடியணும்னு அதே விதியில இருக்கு. நான் வளையமும் வைக்கலை, ஒளிரும் பெயின்ட்டும் வைக்கலை. ரெண்டு மாசம் சுவரையே கட்டிட்டு, மாமா எதுக்காகக் கையைத் திருப்பிப் பார்ப்பார்னு யோசிக்கவே இல்லை. டைவ் வாட்ச்னு சொல்லிட்டு வாட்டர்ப்ரூஃப் டப்பா பண்ணியிருக்கேன்!

சாயங்காலம் பார்த்தா சாவி ஓட்டை ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு வேற. அங்க நார் கொஞ்சம் உப்ப ஆரம்பிச்சிருக்கு. பூக்கார அக்கா பார்த்தா சிரிப்பாங்க.

அத்தை போட்ட கருப்பட்டிக் காபியைக் குடிச்சுக்கிட்டே மாமா வாட்ச்சோட விளிம்பை நகத்தால தடவினார். "பெயின்ட் எல்லாம் சேத்துல தெரியாதுடா. இங்கன ஒரு புடைப்பு வையி. ஒரு நெல்லு சைஸுக்கு. முள்ளு கண்ணாடிக்குள்ளயே கெடக்கட்டும், நாப்பது ஆச்சுன்னா இந்தப் புடைப்பு என் கையில வந்து இடிக்கணும். முடியுமா?"

நோட்ல வரைஞ்சு காட்டினேன். குவார்ட்ஸ் மெஷினுக்கு அது முடியாது, ஆனா சாவி கொடுத்தா தானா சுத்தி வர்ற சமையல்கட்டு டைமர் ஸ்பிரிங் மாதிரி ஒரு வளையத்தை வெளிப்பக்கம் வச்சா முடியலாம். மாமா பேனாவை வாங்கி, நான் போட்ட புள்ளிக்கு மேலயே இன்னொரு புள்ளி அழுத்தி வச்சார்.

கடைசி பஸ். இந்தத் தடவை சின்னப் பைதான், டிக்கெட் போடலை. பஸ் நகரும்போது மாமா ஜன்னல் பக்கமா, கேக்காத காதை மறந்து என்கிட்ட கத்தினார்: "நெல்லு பத்தாது மாப்ள... புளியங்கொட்டை சைஸுக்கு வையி!"