கல்லும் கழிவும்

தொட்டி வாங்க வருகிறவர்கள் மீனைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அடியில் போடும் கல்லைப் பற்றிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன கலர் இருக்கு?" கொளத்தூரில் கலர் மீன் கடைகளுக்கு நடுவே தொட்டி அமைத்துப் பராமரிக்கும் வேலை என்னுடையது. தொழில் கற்க வருகிற பையன்களுக்கு நான் மீனைக் காட்டுவதற்கு முன்னால் கல்லைக் காட்டுவேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் புதுக் கல் மூட்டை வந்ததும் ஒரு பிடி அள்ளி, ஈரப்படுத்தி, உள்ளங்கையில் அழுத்தித் தேய்ப்பார். சாயம் ஒட்டினால் மூட்டை திரும்பப் போகும். முனை குத்தினாலும் போகும். பிறகு நாலு கல்லின் மேல் வினிகர் சொட்டு விடுவார். நுரைத்தால் கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் பிஎச்சையும் ஏற்றிவிடும். ஏற்கெனவே உப்பேறிய போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அது வேண்டாத வேலை. மலாவி ஏரி சிக்லிட் வளர்ப்பவர் கேட்டால் மட்டும் அதே கல்லை எடுத்துக் கொடுப்பார். அந்த மீனுக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும்.

சாதாரணத் தொட்டிக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை உள்ள, முனை மழுங்கிய ஆற்றுக் கல் போதும். கூழாங்கல்லும் கோலிக்குண்டும் பார்க்க அழகு. ஆனால் தீனியும் எச்சமும் இடுக்கில் இறங்கிவிட்டால் சைபன் அங்கே எட்டாது. பட்டாணி அளவுக் கல் கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு ஆகவே ஆகாது. அது கல்லை வாயில் போட்டு மென்று துப்புகிற மீன், தொண்டையில் மாட்டிக்கொள்ளும். மீசையால் தரையைத் துழாவும் கோரிடோரஸுக்கு மென்மையான மணல் வேண்டும், அதுவும் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எம்-சாண்ட் உடைத்த கருங்கல், விளிம்பு கூர். மீசை தேய்ந்து புண்ணாகிவிடும்.

இரண்டடித் தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ கல் பிடிக்கும். பக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கலங்கல் போகும்வரை அலச வேண்டும். கை வலிக்கும். அவசரப்பட்டால் தொட்டி பல நாள் பால் கலந்த மாதிரி நிற்கும். பரப்பும்போது பின்பக்கம் உயர்த்தி, முன்பக்கம் தாழ்த்துங்கள். அழுக்கு கண்ணாடி ஓரமாக வந்து சேரும், எடுப்பது சுலபம்.

கண்ணுக்குத் தெரிகிற எச்சத்தை எடுத்தால் தொட்டி சுத்தம் என்று நினைக்கிறார்கள். மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் விடுகிறது; அது கண்ணுக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லின் மேலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். ஒரு வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொட்டியின் கல்லை மொத்தமாக வெளியே எடுத்து, பிளீச்சிங் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மொட்டைமாடி வெயிலில் காய வைத்துத் திரும்பப் போட்டார்கள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து செத்தன. அந்த வீட்டுக்காரர் கல்லைக் கழுவினதாக நினைத்தார். உண்மையில் ஃபில்டரையே கொன்றுவிட்டார்.

அதனால் வாரம் ஒரு முறை, தரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சைபன் செய்யுங்கள். கால் பங்கு தண்ணீர் அதோடு போகும். குழாயைக் கல்லுக்குள் இறக்கினால் கல் சுழன்று மேலே ஏறும், அழுக்கு பிரிந்து போகும். கல் பாதிக் குழாய் ஏறியதும் பைப்பைக் கட்டைவிரலால் நெரியுங்கள், கல் விழுந்துவிடும். விட்டால் மறுபடி இழுக்கும். இந்த நெரிப்பு கைக்கு வரக் கொஞ்ச காலம் ஆகும். மணலில் குழாயை இறக்கக் கூடாது. ஒரு விரல் உயரத்தில் பிடித்து வட்டமடித்தால் மேலே கிடக்கும் எச்சம் மட்டும் எழும்பும். வாலிஸ்நேரியா வேரடியை விட்டுவிடுங்கள், அந்த மட்கு செடிக்குச் சாப்பாடு.

மணல் ஆழமாகக் கிடந்து இறுகினால் அடியில் காற்றுப் போகாது. கறுப்புத் திட்டு விழும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஒரே நாளில் முழுவதையும் கிளறாதீர்கள். அந்த வாயு மீனுக்கு விஷம். மணலுக்குள் புகுந்து திரியும் டிரம்பெட் நத்தை சில இருந்தால் திட்டு விழுவது குறையும். தீனியை அள்ளிப் போடுகிற வீட்டில் அந்த நத்தை ஆயிரமாகப் பெருகும். நத்தைக் கூட்டத்தைக் கண்டால் நான் தீனி டப்பாவைத்தான் கேட்பேன்.

கரண்ட் மணிக்கணக்கில் போனால் பாக்டீரியாவும் மூச்சுத் திணறும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டராக இருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாமல் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாம். சைபனில் எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்தால் போதும். மிச்சத் தண்ணீரை ரோஜாத் தொட்டிக்கு ஊற்றுங்கள், அதிலிருக்கும் நைட்ரேட் செடிக்கு உரம்.